படை வரலாறும் அதற்கென ஒரு சங்கமும்: ஒரு மாணவருக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டது இது: வரலாறு முதுகலை படிக்கிறீர்கள். போர்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. உங்கள் ஆசிரியர் ஒருவர், "அது ஆய்வே அல்ல, வீரக்கதை" என்று சொல்லிவிட்டார். அமெரிக்காவில் 'சொசைட்டி ஃபார் மிலிட்டரி ஹிஸ்டரி' என்று ஓர் அறிஞர் சங்கம் இருப்பதாகப் படித்திருக்கிறீர்கள். அது ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகளின் கூட்டமா, போரைக் கொண்டாடுகிறவர்களின் மன்றமா, உங்களைப் போன்ற ஒருவர் அதில் சேர முடியுமா என்பது கேள்வி.

சேர முடியும். ஆனால் உங்கள் ஆசிரியர் சொன்னது மனத்தில் முள்ளாக இருக்கும்போது அந்த ஒரு சொல் போதாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் மாற்றம். நீங்கள் போர் வரலாறு என்று எழுதியிருந்தீர்கள். நான் படை வரலாறு என்பேன். போர் சில நாட்கள் நடக்கும். படை ஆண்டு முழுவதும் சாப்பிடும், சம்பளம் கேட்கும், காய்ச்சலில் படுக்கும், முகாமை விட்டு ஓடிப்போகும், ஓய்வூதியத்துக்கு மனுப் போடும். அத்தனையும் எங்கோ ஒரு தாளில் பதிவாகியிருக்கும். ஆயிரம் யானைகளைக் களத்தில் வென்றவனுக்குப் பரணி பாடுவது நம் மரபு. படை வரலாற்று ஆய்வாளர் அந்தப் பாட்டை மதிக்கிறார். ஆனால் அவருடைய கேள்வி வேறு. ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் என்றால், ஆயிரம் யானைக்கு 150 டன். அதை யார் அறுத்தார்கள், எந்த ஊர் வயல் அழிந்தது, தண்ணீருக்கு எந்த ஏரி? இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய இடத்தில்தான் வீரக்கதை முடிந்து ஆய்வு தொடங்குகிறது.

இனி சங்கத்துக்கு வருகிறேன். அது 1933-இல் வாஷிங்டனில் 'அமெரிக்கன் மிலிட்டரி ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் தோன்றியது. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆவணங்களை அரசாங்கம் 1880 முதல் 1901 வரை 128 தொகுதிகளாக அச்சிட்டு முடித்திருந்தது. முதல் உலகப் போரின் தாள்களோ மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. அந்த நாட்டுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் என்று ஒன்று சட்டப்படி அமைந்ததே 1934-இல்தான். தாள் நிறைய, அதைப் படித்துச் சோதிக்கும் ஆள் குறைவு என்ற நிலையில் அந்தச் சிறு குழு கூடியது.

1937-இல் அதன் காலாண்டிதழ் வெளிவந்தது. 1939-இல் 'அமெரிக்கன் மிலிட்டரி இன்ஸ்டிட்யூட்' என்று சங்கத்தின் பெயர் மாறியது. 1941-இல் இதழுக்கு 'மிலிட்டரி அஃபேர்ஸ்' என்று பெயர் வந்தது. 1989-இல் அது 'ஜர்னல் ஆஃப் மிலிட்டரி ஹிஸ்டரி' ஆனது. 1990-இல் சங்கமும் இன்றைய பெயரைப் பெற்றது. பெயர்ப்பலகை மாறியதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. 'அஃபேர்ஸ்' என்ற சொல் போய் 'ஹிஸ்டரி' வந்தது. சங்கத்தின் பெயரிலிருந்து 'அமெரிக்கன்' என்ற சொல் உதிர்ந்தது. அன்றன்றைய இராணுவ விவகாரங்களை நிபுணர்கள் பேசும் இடமாகவும் இருந்த ஒன்று, எந்த நாட்டின், எந்தக் காலத்தின் படையையும் வரலாறாகப் படிக்கும் இடமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. இந்த இரண்டு மாற்றங்களையும் அந்தச் சங்கம் எடுத்த மிகச் சரியான முடிவுகளாக நான் கருதுகிறேன்.

இடையில் ஒரு கடினமான காலம் இருந்தது. வியட்நாம் போர் நடந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் படையைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொல்வதே சந்தேகத்துக்கு இடமானது. உங்கள் ஆசிரியரின் குரலை அப்போது அங்கே பலர் ஒலித்தார்கள். 1968 முதல் 1988 வரை அந்த இதழைக் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து நடத்தியவர் ராபின் ஹைம். லண்டனில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாக இருந்தவர். ஓர் இதழை இருபது ஆண்டுகள் தவறாமல் கொண்டுவருவது எத்தகைய வேலை என்பது சிற்றிதழ் நடத்திய குடும்பங்களுக்குத் தெரியும். அதன்பின் இதழ் வர்ஜீனியா மாநிலத்தின் லெக்சிங்டன் ஊருக்கு வந்தது. அங்கே வர்ஜீனியா இராணுவக் கல்லூரியும், 'மார்ஷல் திட்டம்' என்று நாம் பாடத்தில் படித்த ஜார்ஜ் மார்ஷலின் பெயரிலான நூலகமும் அருகருகே இருக்கின்றன. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு இதழ்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்பவர் (மேலே சொன்ன ஜார்ஜ் மார்ஷல் அல்ல) இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வரலாற்றுப் பிரிவில் இருந்தவர். சண்டை முடிந்த கையோடு வீரர்களைக் குழுவாக உட்காரவைத்து, நடந்ததைக் கேட்டுப் பதிவு செய்யும் முறையைப் பரப்பியவர். 1947-இல் அவர் ஒரு கணக்கை வெளியிட்டார். களத்தில் நிற்கும் காலாட்படை வீரர்களில் 15 முதல் 25 சதவீதத்தினர் மட்டுமே எதிரியை நோக்கித் துப்பாக்கியைச் சுடுகிறார்கள், மற்றவர்கள் சுடுவதே இல்லை என்றார். கேட்டவர்கள் திகைத்தார்கள். மனிதன் மனிதனைக் கொல்லத் தயங்குகிறான் என்பதற்குச் சான்றாக அந்த எண்ணை எடுத்துக்கொண்டார்கள். படைப் பயிற்சியைப் பற்றிய விவாதங்களிலும் அது நுழைந்தது. உளவியல் நூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இன்றும் உலா வருகிறது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1988-இல், ரோஜர் ஸ்பில்லர் என்ற வரலாற்றாளர் அந்த எண்ணின் வேரைத் தேடினார். மார்ஷலின் எஞ்சிய குறிப்பேடுகளைப் புரட்டினார். வீரர்கள் எத்தனை பேர் சுட்டார்கள் என்று கணக்கெடுத்ததற்கான அடையாளம் அவற்றில் இல்லை. மார்ஷலுடன் களத்தில் சுற்றிய உதவியாளரைக் கேட்டார். "நீங்கள் சுட்டீர்களா?" என்ற கேள்வியை மார்ஷல் வீரர்களிடம் கேட்டதாக அவருக்கு நினைவே இல்லை. அந்தக் கட்டுரை லண்டனில் வெளிவரும் பாதுகாப்பு ஆய்விதழ் ஒன்றில் வந்தது, இந்தச் சங்கத்தின் இதழில் அல்ல. ஆனாலும் இந்தத் துறையின் இயல்பைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மார்ஷல் படையின் செல்லப்பிள்ளை. அவரது எண் எல்லோருக்கும் பிடித்திருந்தது. போரை வெறுத்தவர்களுக்கும் பிடித்திருந்தது. அதைச் சோதிக்க, படைக்கு விசுவாசமோ பகையோ இல்லாமல் ஒரு குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அப்படிப்பட்டவரை உருவாக்கவும், அவர் எழுதியதைப் பெயர் தெரியாத இரு வாசகர்கள் கறாராகச் சோதிக்கவும், சோதனையில் தேறியதை அச்சிடவும் ஓர் அமைப்பு வேண்டும். சங்கம் இருப்பது அதற்காக.

படைகள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் ஒரு பெருமை வரலாறு உண்டு, அதில் தோல்விகள் இரண்டு வரியில் முடிந்துவிடும். எதிர்ப்பக்கத்தில், படையையே வெறுப்பவர்கள் படையின் தாள்களைத் திறப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, கட்டளைக்கு அடங்காத ஒரு வாசகர் வட்டம் இருந்தாக வேண்டும். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

தாள்களைப் பற்றிப் பேசும்போது 1973 ஜூலை 12-ஐச் சொல்லாமல் விட முடியாது. அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர்களின் பணி ஆவணங்கள் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை எரிந்துபோயின. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் சாம்பல். இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் நின்ற ஒருவரின் வாழ்க்கை, மேலே கருகி ஓரம் மட்டும் மிஞ்சிய ஒரு தாளாகிவிட்டது. பிறகு என்ன செய்தார்கள்? படைப்பிரிவுகள் தினமும் காலையில் எழுதிய வருகைக் குறிப்புகளைத் தேடினார்கள். இறுதிச் சம்பளம் கொடுத்த ரசீதுகளைத் தேடினார்கள். இன்னார் இன்ன தேதியில் மருத்துவமனைக்குப் போனார், இன்ன தேதியில் திரும்பினார் என்ற ஒற்றை வரிகளைக் கோத்து ஒரு மனிதனின் பணிக்காலத்தை மறுபடி கட்டினார்கள். ஓய்வூதியம் கேட்டு நிற்கும் முதியவருக்கும், ஆய்வேடு எழுதும் மாணவருக்கும் அதே காலை வருகைக் குறிப்புதான் சான்று. இதில் வீரக்கதை எங்கே இருக்கிறது?

நமக்குப் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். 1791 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ், மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிவிட்டார். 15-ஆம் தேதி அரகெரே அருகே திப்புவின் படையைச் சண்டையில் பின்வாங்க வைத்தும்விட்டார். ஆனால் கோட்டையை முற்றுகையிடவில்லை. சில நாட்களில் தன் கனரக முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஏன்? மழை. தீவனம் இல்லை. இழுவை மாடுகள் கொள்ளைநோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பீரங்கிகளை மனிதர்களே இழுக்க வேண்டிய நிலை. சிப்பாய்களுக்கு அரிசி தீர்ந்துவிட்டது. திரும்பும் வழியில் கூட்டாளிகளான மராத்தியர் படையைச் சந்தித்தபோது, அந்த முகாமின் கடைவீதியில் தானியம் குவிந்திருந்தது. அதை நல்ல விலைக்கு வாங்கித்தான் இவர்கள் பசியாறினார்கள். அடுத்த ஆண்டு தானியத்துக்கும் மாட்டுக்கும் ஏற்பாடு செய்துகொண்டு வந்தபோது கதை வேறாக முடிந்தது.

களத்தில் வென்றவன் மாடில்லாமல் தோற்றான் என்பதைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் கடந்துவிடும். நான் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மெட்ராஸ் மாகாண இராணுவத் துறைத் தொகுதிகளைப் புரட்டியபோது என்னைப் பிடித்து நிறுத்தியவை இத்தகைய பக்கங்கள்தான். இத்தனை மாடு, இத்தனை மாட்டுக்காரர், தோல்பையில் தண்ணீர் சுமப்பவர், காயம்பட்டவர்களைத் தூக்கும் டோலிக்காரர், அவர்களின் மாதக்கூலி. சிப்பாய்க்காவது பதக்கம் உண்டு. டோலிக்காரரின் பெயர் கணக்குப் பேரேட்டில் மட்டும் இருக்கிறது. அதுவும் பல இடங்களில் பெயராக இல்லாமல் எண்ணாக.

இந்த மாதிரிக் கேள்விகள் அந்த அமெரிக்கச் சங்கத்தின் இதழுக்கு அந்நியம் இல்லை. ஐரோப்பாவில் ஒரு 'இராணுவப் புரட்சி' நடந்தது என்ற கருத்து 1955-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் வரலாற்றாளர் மைக்கேல் ராபர்ட்ஸ் ஆற்றிய உரையில் தொடங்கியது. அவர் சொன்ன காலம் 1560 முதல் 1660 வரை. அதனால்தான் ஐரோப்பியர் உலகை வென்றார்கள் என்ற வாதம் பிறகு அதோடு சேர்ந்துகொண்டது. 1993-இல் சங்கத்தின் இதழில் கிளிஃபர்ட் ரோஜர்ஸ் எழுதிய கட்டுரை, அந்த மாற்றங்களின் வேரை இன்னும் முன்னே, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரின் காலாட்படையிலும் பீரங்கியிலும் தேடியது. 2005-இல் அதே இதழில் நம் நாட்டு வரலாற்றாளர் கௌசிக் ராய், 1740 முதல் 1849 வரை தெற்காசியப் படைகளில் உள்ளூர் முறையும் மேல்நாட்டு முறையும் எவ்வாறு கலந்தன என்று எழுதினார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் 1780 செப்டம்பரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அழித்ததை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கி ஒருவர் கையில் மட்டும் இருந்ததால் வெற்றி வந்தது என்ற எளிய விளக்கம் அங்கேயே உடைகிறது. அந்த விவாதத்தில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இதழில் குறை இல்லாமல் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர்கள், ஐரோப்பா என்று அந்தப் பக்கமே தராசு சாய்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது. ஆசியப் படைகளைப் பற்றி எழுதுவோர் பெருகினால் மட்டுமே இது மாறும். உங்களைப் போன்றவர்கள் எழுதாமல் யார் எழுதுவது?

அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், இராணுவக் கல்லூரி ஆசிரியர்கள், பணியில் இருக்கும் அதிகாரிகள், அருங்காட்சியகக் காப்பாளர்கள், ஆய்வு மாணவர்கள், ஆர்வத்தால் படிக்கும் பொதுமக்கள் என எல்லோரும் கலந்து இருக்கிறார்கள். எந்த நாட்டவரும் சேரலாம். மாணவர்களுக்குச் சந்தா குறைவு. ஆண்டுதோறும் வெவ்வேறு ஊரில் மாநாடு நடக்கும். நல்ல நூல்களுக்கும், இதழில் வந்த சிறந்த கட்டுரைகளுக்கும், முதல் நூலை எழுதும் இளையவரின் கைப்பிரதிக்கும் பரிசுகள் உண்டு. கேரல் ரியர்டன், ஜெனிபர் கீன் போன்ற பெண் வரலாற்றாளர்கள் தலைமை தாங்கியிருக்கிறார்கள். ஜெனிபர் கீனின் ஆய்வு முதல் உலகப் போரில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட சாதாரண வீரர்களைப் பற்றியது. ஊர் திரும்பியபின் அவர்கள் அரசாங்கத்திடம் கேட்ட உரிமைகள், 1944-இல் படைவீரர் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் வழிசெய்த சட்டம் வரை எப்படி நீண்டன என்பதை அவர் காட்டினார். இதைப் படை வரலாறு என்பதா, சமூக வரலாறு என்பதா? உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

2014-இல் சங்கம் ஓர் அறிக்கையே வெளியிட்டது. டாமி டேவிஸ் பிடில், ராபர்ட் சிட்டினோ இருவரும் எழுதியது. படையை எங்கே அனுப்புவது என்பதை மக்களாட்சியில் குடிமக்களின் பிரதிநிதிகள்தான் முடிவு செய்கிறார்கள். அப்படியிருக்கப் போர் என்றால் என்ன என்பதே தெரியாத பட்டதாரிகளை உருவாக்குவது சரியில்லை என்பது அதன் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு. மருத்துவர் நோயைப் படிப்பதால் யாரும் அவரை நோயின் ரசிகர் என்று சொல்வதில்லை.

பிரிட்டனிலும் இதற்கு மூத்த ஒரு சங்கம் உண்டு. 'சொசைட்டி ஃபார் ஆர்மி ஹிஸ்டாரிக்கல் ரிசர்ச்', 1921-இல் தொடங்கியது. சீருடைப் பொத்தான் முதல் சம்பளப் பட்டியல் வரை நுணுக்கமாகப் பார்க்கும் மரபு அவர்களுடையது. நம் பக்கத்துப் படைகளும் ஒருகாலத்தில் அந்தப் பேரரசின் படைகளாக இருந்ததால் இந்தியச் செய்திகளும் அவர்கள் இதழில் கிடைக்கும். ஆண்டுதோறும் சிறந்த நூலுக்கு அவர்கள் வழங்கும் பதக்கம் ஜெரால்டு டெம்ப்ளர் பெயரில் இருக்கிறது. அவர் அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். மலேசியத் தமிழர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதமாகத் தெரியும். 1952 முதல் 1954 வரை மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகால நிலையின்போது பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்தவர் அவர்தான். கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள டெம்ப்ளர் பூங்கா அவர் பெயரைத் தாங்கியது. அந்த ஆண்டுகளில் ரப்பர் தோட்டங்களில் இருந்த நம்மவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் படை வரலாற்றின் ஒரு பக்கமே. பதக்கத்தின் பெயரில் இருப்பவரை அந்தத் தோட்டங்களின் பக்கத்தில் நின்று பார்த்து எழுத ஒரு தமிழ் ஆய்வாளர் வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

இந்தியாவில் என்ன இருக்கிறது? 1870-இல் சிம்லாவில் மக்கிரெகர் என்ற அதிகாரி தொடங்கிய 'யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷன்' இன்று டெல்லியில் இயங்குகிறது. அதற்குள் படை வரலாற்றுக்கென ஒரு மையம் நல்ல வேலை செய்கிறது. ஆனால் நம் பெரிய தடை தாள்கள் திறக்கப்படாததுதான். 1962-இல் சீனாவுடன் நடந்த போரைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசாங்கம் பல பத்தாண்டுகளாக இரகசியமாகவே வைத்திருந்தது. 1999 கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். போர்களின் வரலாறு முறையாக எழுதப்பட வேண்டும், அதற்கேற்ப ஆவணங்கள் திறக்கப்பட வேண்டும் என்று அந்தக் குழு வலியுறுத்தியது. 2021 ஜூன் மாதத்தில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அதற்கான கொள்கையை அறிவித்தது. ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் இரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும், போர் வரலாறு ஐந்து ஆண்டுக்குள் தொகுக்கப்பட வேண்டும் என்கிறது அது. சட்டென்று கதவுகள் திறந்துவிடாது. கேட்டுக்கொண்டே இருக்கும் ஆய்வாளர்கள் வேண்டும், அவர்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரு சங்கமாகக் கேட்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். இப்போதே வெளிநாட்டுச் சந்தா கட்ட வேண்டாம். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் மின்னிதழ்த் தொகுப்பில் அந்த இதழின் பழைய எண்கள் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் முதலில் நூல் மதிப்புரைப் பகுதியைப் படியுங்கள். ஒரு நூலின் சான்றை இன்னொருவர் எப்படி உரசிப் பார்க்கிறார் என்பது அங்கேதான் தெரியும். பிறகு தலைப்பைச் சுருக்குங்கள். "திப்புவின் போர்கள்" வேண்டாம். ஒரே ஒரு படைப்பிரிவு, ஒரே ஓர் ஆண்டு, ஒரே ஒரு கேள்வி போதும். அந்த ஆண்டில் அவர்களுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி. உங்கள் துறைத்தலைவரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு எழும்பூருக்குப் போங்கள். முதல் இரண்டு நாட்கள் கையெழுத்தே புரியாது. மூன்றாம் நாள், எழுதிய குமாஸ்தாவின் சுழிப்புகள் பழகிவிடும். தாள்கள் நொறுங்கும் நிலையில் இருக்கின்றன, பக்கத்தை மேல் மூலையில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள்.